நிறப்பெயர் கொண்ட சொற்கள்: எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது

ஒரு மொழிபெயர்ப்பையோ செய்தியையோ திருத்தக் கொடுக்கும்போது, 'கறுப்புப் பட்டியல்' என்ற சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, 'இதை இன்னும் இப்படியே எழுதலாமா?' என்று ஓரத்தில் குறித்து அனுப்புகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அவசரமாகச் சொல்லப்படும் இரண்டு விடைகளிலும் எனக்கு உடன்பாடில்லை. 'அப்படியானால் கரும்பலகையையும் கருப்பட்டியையும்கூட மாற்றிவிடலாமா?' என்று கேட்டுத் தட்டிக்கழிப்பது ஒன்று. நிறப்பெயர் தென்பட்ட இடத்தையெல்லாம் அடித்துத் திருத்திவிடுவது மற்றொன்று. பிறர் எழுத்தைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட நான், இவ்விரண்டுக்கும் இடையில் நாளடைவில் எனக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். எழுதுவோர், மொழிபெயர்ப்போர், செய்தியறையில் இருப்போர், வீட்டில் பிள்ளைகளிடம் பேசும் பெரியவர்கள் எனப் பலருக்கும் அது பயன்படும் என்று நம்பி அதை இங்கே விளக்குகிறேன்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 2020 மே மாதம் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்த பிறகு எழுந்த போராட்டங்கள், காவல் துறையோடு நில்லாமல் சொற்கள்வரை வந்தன. அந்த ஆண்டிலேயே லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தின் கருநிரலை உருவாக்குவோர், 'பிளாக்லிஸ்ட்', 'ஒயிட்லிஸ்ட்' என்னும் சொற்களைப் புதிதாக எழுதும் நிரல்களில் தவிர்க்க வேண்டும் என்று தங்கள் வழிகாட்டியில் சேர்த்தனர். பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமோ, ஃபிளாய்ட் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே, தன் எழுத்துகளில் அச்சொற்களைக் கைவிடுவதாக அறிவித்திருந்தது. அதே 2020 ஜூன் மாதத்தில்தான் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம், 1975 முதல் இந்தியாவில் விற்றுவந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' பசையின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்கப்போவதாகச் சொன்னது. இப்போது அது 'குளோ அண்ட் லவ்லி'. இவற்றில் முதல் இரண்டும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியவை. மூன்றாவதோ நம் வீட்டு அலமாரியில் இருந்த பொருளைப் பற்றியது. இவ்வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தச் சொல்லில் நிறம் என்ன வேலை செய்கிறது?

எந்தச் சொல்லை எடுத்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கரும்பலகையில் உள்ள கருமை, பலகைக்குப் பூசிய சாயத்தின் நிறம். பல பள்ளிகளில் அது பச்சையாக மாறிய பின்னும் பெயர் நிலைத்துவிட்டதே தவிர, அதில் யாரையும் பழிக்கும் குறிப்பில்லை. கறுப்புப் பெட்டி என்று நாம் எழுதும் விமானப் பதிவுக் கருவிக்கு உண்மையில் ஆரஞ்சு நிறம்தான் பூசப்படுகிறது. அந்தப் பெயரிலும் பழியில்லை. கறுப்புப் பூனைப் படை என்பது சீருடையின் நிறத்தால் வந்த பெயர், அதுவும் பெருமைக்குரிய பெயர். வெள்ளை அறிக்கையின் வெண்மை, பிரிட்டிஷ் அரசு ஆவணங்களின் அட்டை நிறத்திலிருந்து வந்தது. நீல அட்டையிட்ட பெரிய அறிக்கைகளிலிருந்து வேறுபடுத்துவதற்காக அப்பெயர் ஏற்பட்டது. நிறம் ஒரு பொருளின் மேற்பரப்பைச் சொல்கிற இத்தகைய இடங்களில் கைவைக்கத் தேவையில்லை.

வேறொரு வகையில் நிறப்பெயர் இருக்கும், நிறம் இருக்காது. பச்சைத் தண்ணீர் பச்சையாக இருப்பதில்லை. அது காய்ச்சாத நீர். பச்சரிசி அவிக்காத நெல்லிலிருந்து வந்தது. பச்சைக் குழந்தை, பச்சை உடம்பு, பச்சைப் பொய், பச்சைத் துரோகம் ஆகிய எல்லாவற்றிலும் பச்சை என்பது பதப்படாதது, கலப்பில்லாதது என்னும் பொருளில் நிற்கிறது. காமராசரைப் பெரியார் 'பச்சைத் தமிழர்' என்று அழைத்ததும் அந்தப் பொருளில்தான். கறுப்பு, சிவப்பு என்னும் சொற்களே சினத்தைக் குறிப்பவை என்றும், நிறத்தை உணர்த்துவதற்கும் அவை உரியன என்றும் தொல்காப்பியத்தின் உரியியல் கூறுகிறது. நிறத்துக்கு முன்னால் சினத்தைச் சொல்லும் ஒரு மரபு நமக்கு இருக்கிறது என்பதை, ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு தமிழைத் திருத்த வருகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

எஞ்சுபவை இரண்டு வகை. கறுப்பு என்றாலே கெட்டது, களவு, மறைவு என்று தீர்ப்பளிக்கும் சொற்கள் ஒரு வகை. மனிதரின் தோலைத் தொடும் சொற்கள் மற்றொரு வகை. திருத்தம் வேண்டியவை இவைதான். இரண்டாவது வகையே கனமானது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பில் வந்து தங்கியவை

தீர்ப்பளிக்கும் சொற்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டவை. அவற்றின் பொருளைச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே வேறு சொல் இருக்கிறது, அதுவும் நிறத்தின் உதவி இல்லாமலே தெளிவாக இருக்கிறது. 'பிளாக் மார்க்கெட்' வந்தபோது நாம் கறுப்புச் சந்தை என்று மட்டும் சொல்லவில்லை, கள்ளச்சந்தை என்றோம். ரேஷன் அரிசி கள்ளச்சந்தையில் விற்கப்பட்டது என்று எழுதினால் புரியாதவர் இல்லை. 'பிளாக் மேஜிக்' என்பதைக் கறுப்பு மந்திரம் என்று பெயர்ப்பவர், பில்லி சூனியம், செய்வினை, ஏவல் என்று ஊரில் வழங்கும் சொற்களை மறந்துவிட்டவர். பால் ஊற்றாத காப்பியைக் கறுப்புக் காப்பி என்று யாரும் சொன்னதில்லை. கடுங்காப்பி என்றுதான் கேட்டு வாங்கினோம். ஆகவே இவ்வகைச் சொற்களைத் திருத்துவது பல நேரங்களில் பழைய தமிழுக்குத் திரும்புவதாகவே அமைகிறது. புதுச்சொல் ஆக்கும் வேலைக்கு அங்கே இடமே இல்லை.

கறுப்புப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 'அந்த ஒப்பந்த நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது' என்ற தொடருக்குப் பதிலாக, 'அந்த நிறுவனம் இனி ஒப்பந்தப்புள்ளி அளிக்கத் தடை விதிக்கப்பட்டது' என்று எழுதினால், என்ன தடை, எதற்குத் தடை என்பதும் வாசகருக்குச் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. கணினித் துறையில் எழுதுவோருக்குத் தடைப் பட்டியல், அனுமதிப் பட்டியல் என்ற இரண்டும் போதும். அவற்றைப் படிப்பவர் எதை உள்ளே விடுவது, எதை நிறுத்துவது என்று ஒரு கணம்கூடத் தயங்க மாட்டார். 2018 முதல் 2022 வரை பாகிஸ்தான் 'சாம்பல் பட்டியலில்' இருப்பதாக நாளிதழ்கள் எழுதின. அந்தப் பட்டியலை வெளியிடும், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழுவோ, தன் ஆவணங்களில் அதைக் 'கூடுதல் கண்காணிப்பில் உள்ள நாடுகள்' என்ற பொருளில்தான் பெயரிட்டிருக்கிறது. நிறத்தை விட்டு அப்படி எழுதியிருந்தால் செய்தியின் முதல் வரியே விளக்கமாக அமைந்திருக்கும்.

கறுப்புப் பணம் சற்றுச் சிக்கலானது. அதைக் கள்ளப்பணம் என்று மாற்றலாம் என்று பலர் சொல்கிறார்கள். நான் மாற்ற மாட்டேன். கள்ளநோட்டு, கள்ளப்பணம் என்றால் போலியாக அச்சிட்ட பணம் என்றுதான் தமிழர் காதில் விழும். கறுப்புப் பணமோ நல்ல நோட்டு, கணக்குத்தான் காட்டப்படவில்லை. இலஞ்ச ஒழிப்புத் துறையின் சோதனைச் செய்திகளில் 'கணக்கில் வராத பணம் பறிமுதல்' என்று வழக்கமாக வரும் தொடரே சரியான மாற்று. வெளிநாட்டில் மறைத்த வருமானம் பற்றி 2015இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் பெயரிலேயே இச்சொல் இருக்கிறது. 2012 மே மாதம் மத்திய நிதியமைச்சகம் கறுப்புப் பணம் குறித்து ஒரு வெள்ளை அறிக்கையையும் வெளியிட்டது. சட்டத்தின் பெயரையும் அறிக்கையின் பெயரையும் அப்படியே எழுத வேண்டும். நம் சொந்த வாக்கியத்தில் கணக்கில் காட்டாத பணம் என்று எழுதலாம். பெயருக்கும் விவரிப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு எல்லா இடத்திலும் பொருந்தும்.

கறுப்பு ஆடு நம் மண்ணில் பிறந்த உவமையே அன்று. வெள்ளைக் கம்பளிக்காகச் செம்மறி வளர்த்த நாடுகளில், கறுத்த கம்பளி சாயம் ஏறாது, விலை போகாது என்பதால் பிறந்த இழிப்பு அது. தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களின் கன்னி ஆடு கறுப்பு உடலும் வெளிர்க் கோடுகளுமாக இருக்கும்; அதை வளர்க்கிறவர் அதன் நிறத்துக்காக அதைக் குறைத்து மதிப்பதில்லை. கருப்பசாமிக்கு நேர்ந்துவிடும் கிடாய் கறுப்பாக இருப்பதையே விரும்புகிறவர்கள் உண்டு. அதோடு, உடல் முழுக்கக் கறுத்திருந்தாலும் அதை வெள்ளாடு என்றுதான் சொல்கிறோம் என்பது, நிறப்பெயர் ஒரு சொல்லுக்குள் எவ்வளவு ஆழமாக உறைந்துபோகும் என்பதற்கு நான் அடிக்கடி காட்டும் சான்று. 'துறைக்குள் இருக்கும் கறுப்பு ஆடுகள்' என்று எழுத வருகிறவருக்கு நான் கொடுக்கும் மாற்று புல்லுருவி. மரத்தின் மேலேயே வளர்ந்து மரத்தின் சாற்றையே உறிஞ்சும் அந்தச் செடியின் பெயர், சொல்ல வந்ததை ஆட்டைவிடக் கூர்மையாகச் சொல்லிவிடுகிறது. கோடரிக்காம்பு என்றாலும் பொருந்தும்.

கருங்காலி என்ற சொல்லில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. வேலைநிறுத்தத்தை முறிக்கிறவரைத் தொழிற்சங்க மேடைகளில் அப்படித்தான் அழைப்பார்கள். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரம் என்று அதற்கு விளக்கம் சொல்வோரும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு என்போரும் உண்டு. அந்த மரமோ வைரம் பாய்ந்த நல்ல மரம். அதன் மணிகளை மாலையாகக் கோத்துக் கழுத்தில் அணிகிறார்கள். சங்க வரலாற்றை எழுதும்போது அக்காலத்துப் பேச்சை மேற்கோளாகக் காட்டினால் சொல்லை விட்டுவிடுகிறேன். இன்றைய செய்தியில் 'வேலைநிறுத்தத்தை மீறிப் பணிக்குச் சென்றவர்கள்' என்று எழுதச் சொல்கிறேன்; காரணம் நிறமன்று, செய்தியில் வசைக்கு இடமில்லை என்பதே.

மஞ்சள் பத்திரிகை, மஞ்சள் கடுதாசி, நீலப்படம், சிவப்பு நாடா ஆகியவை பற்றி நீளப் பேசத் தேவையில்லை. அவை யார் தோலையும் தொடுவதில்லை. தெளிவு வேண்டினால் ஆபாசப் படம், அலுவலகத் தாமதம் என்று எழுதலாம், வேண்டாவிட்டால் விட்டுவிடலாம்.

மக்களைக் குறிக்கும் பெயர்கள்

இங்கே விதி வேறு. ஒரு மக்கள் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார்களோ அப்படி எழுத வேண்டும். 'நீக்ரோ' என்ற சொல் பழைய தமிழ்ப் பாடநூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் தாராளமாக இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2013இல் தன் படிவங்களிலிருந்து அச்சொல்லை நீக்குவதாக அறிவித்தது. 2016இல் அமெரிக்கச் சட்ட வாசகங்களிலிருந்தும் அது எடுக்கப்பட்டது. தமிழில் கறுப்பினத்தவர் என்று எழுதலாம். அவர்களே அச்சொல்லைப் பெருமையோடு ஏற்றிருக்கிறார்கள். 2020இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இனத்தைக் குறிக்கும்போது ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதத் தொடங்கியது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. மரியாதையை விகுதிதான் சுமக்க வேண்டும். 'கறுப்பன்' என்று வந்தால் கட்டாயம் மாற்றுங்கள். நாடு தெரிந்தால் நாட்டைச் சொல்வது எல்லாவற்றிலும் நல்லது: திருப்பூரில் பின்னலாடை வாங்க வந்திருக்கும் வணிகர் நைஜீரியர் என்றால், நைஜீரிய வணிகர் என்று எழுதினால் போதும்.

செவ்விந்தியர் என்பதற்கு அமெரிக்கப் பூர்வகுடிகள் என்று எழுதுங்கள். எந்தப் பழங்குடி என்று தெரிந்தால் நவஹோ, செரோக்கி என்று அப்பெயரையே எழுதுங்கள். வாஷிங்டன் கால்பந்து அணி, பூர்வகுடிகளின் தோலைச் சிவப்பு என்று சொன்ன தன் பழைய பெயரை 2020இல் கைவிட்டுவிட்டது. நம் கதைப் புத்தகங்கள் இன்னும் கைவிடவில்லை. 'இருண்ட கண்டம்' என்று ஆப்பிரிக்காவுக்கு நம் பாடநூல்கள் சூட்டிய அடைமொழி, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணிகளின் அறியாமையைக் குறிப்பதேயன்றி அந்தக் கண்டத்தைக் குறிப்பதன்று. ஆப்பிரிக்கா என்று மட்டும் எழுதினால் எதுவும் குறைந்துவிடாது.

ஆப்பிரிக்கரைக் குறிக்கும் காப்பிரி என்ற சொல்லில் நிறப்பெயர் வெளிப்படையாக இல்லை. ஆனாலும் அது இங்கே சொல்லத்தக்கது. அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல்லின் ஆங்கில வடிவம், தமிழர் தலைமுறைகளாக வாழும் தென்னாப்பிரிக்காவில் மிகக் கொடிய வசை. இலங்கையிலோ புத்தளம் அருகே சிறம்பையடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் தம்மை அப்பெயராலேயே அழைத்துக்கொள்கிறார்கள். ஒரே சொல் ஓரிடத்தில் வசையாகவும் இன்னோரிடத்தில் அடையாளமாகவும் இருக்கும்போது, எங்கே, யாரைப் பற்றி எழுதுகிறோம் என்று பார்க்காமல் திருத்துவது அந்த மக்களின் பெயரையே பறிப்பதாகிவிடும்.

வீட்டுக்குள் இருக்கும் சொற்கள்

அலுவலகச் சொற்களை மாற்றுவது எளிது. கடினமான வேலை வீட்டுக்குள் இருக்கிறது. அதைச் செய்யாமல் கறுப்புப் பட்டியலை மட்டும் திருத்துவதில் எனக்கு மனநிறைவு ஏற்பட்டதில்லை.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் பார்க்கப் போயிருந்தோம். பெரியம்மா குழந்தையை மடியில் வாங்கியதும் முதலில் செய்தது, அதன் காது மடலின் ஓரத்தை விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்ததுதான். 'இப்ப செவப்பாத்தான் இருக்கு. காது ஓரத்தப் பாரு, பின்னால கறுத்துரும்' என்றார். பிள்ளையின் நிறம் காது ஓரத்தில் தெரிந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. அதில் பெரியம்மாவுக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தாயின் முகம் வாடியதை நான் பார்த்தேன். 'யார் சாயல்னு சொல்லுங்க பெரியம்மா' என்று கேட்டேன். உடனே அவர் முகம் மலர்ந்தது. 'மூக்கு அப்படியே எங்க அப்பா மூக்கு' என்று தொடங்கி, அரைமணி நேரம் செத்துப்போன தாத்தாவின் கதைகளைச் சொன்னார். இந்த வகைத் திருத்தத்துக்கு நான் அறிந்த நல்ல வழி இதுதான். பெரியவர்களிடம் 'அப்படிச் சொல்லக்கூடாது' என்று தடுப்பதைவிட, நிறத்தின் இடத்தில் சாயலைக் கேட்பது எளிது. சாயல் என்ற சொல் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்து ஒரு விகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்' என்ற வாக்கியத்தைக் கேளாத தமிழ்ப் பெண் அரிது. பாராட்டாகவே அது சொல்லப்படுகிறது. அந்த வாக்கியத்தில் கறுப்பு என்ற சொல்லில் குற்றம் இல்லை. குற்றம் 'இருந்தாலும்' என்பதில் உள்ள 'ஆலும்' என்ற துண்டில் இருக்கிறது. கறுப்பு ஒரு குறை, அதை மீறி அழகு வந்திருக்கிறது என்று அந்தத் துண்டுதான் சொல்கிறது. ஆகவே நிறப்பெயரை அடித்துவிட்டு 'மாநிறமாக இருந்தாலும்', 'டஸ்கியாக இருந்தாலும்' என்று எழுதினால் எதுவும் மாறாது. 'கறுப்பாக, களையாக இருக்கிறாள்' என்று எழுதிப் பாருங்கள். நிறம் அப்படியே இருக்கிறது, இழிவு போய்விட்டது. கதை எழுதுவோருக்கும் விளம்பரம் எழுதுவோருக்கும் நான் சொல்வது இதைத்தான்: நிறச்சொல்லைத் தேடுவதற்கு முன், அதைத் தொடர்ந்து வரும் ஆனாலும், இருந்தாலும், என்றாலும் ஆகியவற்றைத் தேடுங்கள். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பழமொழி சொன்ன மொழிக்கு இது புதிதன்று.

'நல்ல கலர்', 'நிறம் கொஞ்சம் மட்டு', 'கலர் கம்மி' என்பவை நிறத்தையே அளவுகோலாக்குகின்றன. இங்கே மாற்றுச் சொல் தேட வேண்டாம். அந்த வாக்கியத்தையே விட்டுவிடலாம். வரன் பார்க்கும் குறிப்பில் நிறத்துக்கென ஒரு கட்டம் இருந்தால் அதை நிரப்பாமல் விடலாம். திருமண இணையதளமான ஷாதி.காம் 2020 ஜூனில் தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. சிவப்பழகு என்ற சொல், பசையின் பெயர் மாறிய பிறகும் அழகு நிலையங்களின் விலைப்பட்டியலில் நீடிக்கிறது; முகப்பொலிவு என்பது அதற்கு ஓரளவு நேர்மையான மாற்று. வெயிலில் திரிந்துவிட்டு வரும் பிள்ளையிடம் 'கறுத்துப் போயிட்டியே' என்று சொல்லும் இடத்தில் 'வாடிப் போயிட்டியே' என்று சொன்னால், அன்பு குறையாமல் கவலையும் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். கருவாயா, கருவாச்சி என்று செல்லமாக அழைப்பதை அந்தப் பிள்ளை விரும்புகிறதா என்று அதையே கேளுங்கள். மற்றவர் முன்னிலையில் கேட்காமல், தனியே கேளுங்கள்.

ஆளை அடையாளம் சொல்லும்போது மட்டும் நிறம் தேவைப்படலாம். காணாமல்போனவர் பற்றிய அறிவிப்பில் உயரம், வயது, உடை ஆகியவற்றோடு நிறமும் இடம்பெறுவது தவறன்று. கறுப்பானவருக்கு மட்டும் நிறம் எழுதி, மற்றவருக்கு எழுதாமல் விடுவதுதான் தவறு.

வண்ணப்பெட்டியும் துணிக்கடையும்

குழந்தைகள் மெழுகு வண்ணங்களை வைத்து வரையும்போது, 'ஸ்கின் கலர் குடு' என்று கேட்டு வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றை வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறுமி தன் அம்மாவை வரைய அந்தக் குச்சியை எடுத்து, ஒருகணம் தன் முன்கையின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பழுப்புக் குச்சியைத் தேடியதை நான் அருகில் இருந்து கண்டேன். அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம், 'சதை நிறம்' என்ற பொருள்படும் பெயரில் விற்ற குச்சியை 1962லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. அதே நிறுவனம் 1999இல் 'இந்தியன் ரெட்' என்ற பெயரையும் 'செஸ்நட்' என்று மாற்றியது. இந்தியாவில் கிடைத்த ஒரு செங்காவிக் கனிமத்தால் வந்த பெயர் அது. பூர்வகுடிகளின் தோலைக் குறிப்பதாகக் குழந்தைகள் எண்ணிக்கொள்கிறார்கள் என்று ஆசிரியர்கள் கவலைப்பட்டதால் மாற்றினார்கள். தோற்றத்தில் குற்றமில்லாத பெயரும் கேட்பவர் காதில் வேறாக விழலாம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

நமக்கு மாற்றுப் பெயர் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. எந்தப் புடவைக் கடையிலும் பத்து நிமிடம் நின்றால் போதும். ராமர் பச்சை, கிளிப்பச்சை, ஆனந்தா நீலம், மயில்கழுத்து, அரக்கு, வெந்தய நிறம், மாம்பழ மஞ்சள், மிளகாய்ப்பழச் சிவப்பு, சந்தன நிறம், பிஸ்கட் கலர் என்று விற்பனையாளர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். அவற்றில் ஒன்றும் மனிதத் தோலிலிருந்து வந்ததில்லை. பழம், பறவை, மசாலா, சாமி என்று கண்ணால் கண்டவற்றிலிருந்து வந்தவை. ஆகவே 'ஸ்கின் கலர் லெக்கின்ஸ்' என்று கேட்கும் இடத்தில் சந்தன நிறம், பிஸ்கட் கலர் என்று கேளுங்கள். எடுத்துக் கொடுப்பவருக்கும் அதுவே தெளிவு, ஏனென்றால் யாருடைய தோல் என்ற கேள்வி அங்கே எழாது.

தொடக்கூடாதவை

கருப்பசாமி, கருப்பாயி, வெள்ளைச்சாமி, வெள்ளையம்மா ஆகியவை பெயர்கள். கருஞ்சட்டை என்பது 1940களில் திராவிடர் கழகம் விரும்பி அணிந்த எதிர்ப்பின் நிறம். கறுப்புக் கொடி காட்டினார்கள் என்றால், கையில் இருந்தது கறுப்புக் கொடிதான். கறுப்புக் கவுனி, கருஞ்சீரகம், கரிசல் மண், கார்மேகம் ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். மழையை எதிர்பார்த்து வாழ்ந்த மக்களுக்குக் கருமை மங்கலமான நிறம்.

கறுப்பு யூலை என்ற பெயரையும் தொடாதீர்கள். 1983 யூலையில் இலங்கையில் தமிழர் கொல்லப்பட்டு, வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட அந்த நாட்களுக்கு, அதை அனுபவித்த மக்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. ஆண்டுதோறும் அப்பெயரிலேயே நினைவுகூருகிறார்கள். 'யூலை வன்முறை' என்று மென்மைப்படுத்தித் திருத்திய ஒரு பிரதியை நான் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட திருத்தம்தான், ஆனால் அதில் இழந்தவர்களின் குரல் காணாமல்போயிருந்தது. அதே நாட்டில் வெள்ளை வேன் என்ற சொல்லைக் கேட்டால், ஆட்களைக் கடத்திச் சென்ற காலம்தான் நினைவுக்கு வரும். வெண்மை எங்கும் நன்மையையும் கருமை எங்கும் தீமையையும் குறிப்பதாக எண்ணித் திருத்தத் தொடங்குகிறவர், இவ்விரு சொற்களையும் முதலில் நினைக்க வேண்டும்.

வேலையைச் செய்யும் முறை

கணினியில் ஒரே கட்டளையில் தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். நான் பணியாற்றிய ஓர் இதழில், 'கறுப்பர்' என்று வந்த இடமெல்லாம் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்று மாறும்படி ஒருவர் கட்டளை கொடுத்துவிட்டார். அந்தக் கட்டுரை தென்னாப்பிரிக்காவைப் பற்றியது. ஜோகன்னஸ்பர்க் சுரங்கத் தொழிலாளர்கள் அனைவரும் அமெரிக்கர்களாகி, அப்படியே அச்சுக்கும் போய்விட்டார்கள். கடைசிப் படியைப் பார்த்தவன் நான் என்பதால் அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

தேடுவதற்கு மட்டும் கணினியைப் பயன்படுத்தலாம். தமிழில் நிறப்பெயர் புணர்ச்சியில் உருமாறும் என்பதால் ஒரு சொல்லைத் தேடினால் போதாது. கறுப், கருப், கருங், கருஞ், கரும், கரிய, இருண்ட என்றும், வெள், வெண் என்றும், சிவ, செவ், செம், செங் என்றும் தனித்தனியாகத் தேட வேண்டும். கறுப்பு, கருப்பு என இரண்டு எழுத்துமுறையும் வழக்கில் இருப்பதால் இரண்டையும் தேடுங்கள். கருப்பு என்பதற்குப் பஞ்சம் என்றும் பொருள் உண்டு என்பதால், நிறத்துக்கு நான் கறுப்பு என்றே எழுதுகிறேன். தேடலில் கருத்து, கருவி, கருவறை, வெள்ளம், வெள்ளி எல்லாம் வந்து விழும், பொறுமையாகத் தள்ளிவிடுங்கள். எஞ்சும் ஒவ்வொன்றிலும் நிறம் என்ன வேலை செய்கிறது என்று கேட்டு, மாற்றினால் காரணத்தை ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். மேற்கோளுக்குள் இருப்பதையும், ஒரு பாத்திரம் பேசுவதையும், சட்டத்தின் பெயரையும் மாற்றாதீர்கள்.

மாற்றிய பிறகு வாய்விட்டுப் படியுங்கள். ஊனமுற்றோர் என்பது மாற்றுத்திறனாளிகள் ஆனபோது தமிழ்நாட்டில் சில ஆண்டுகளில் பேருந்துப் பலகைவரை அச்சொல் பரவிவிட்டது, ஏனென்றால் அது வாயில் தடையின்றி வந்தது. 'கணக்கில் காட்டாத பணம்' என்பதும் அப்படி வருகிறது. 'வருமான வரித் துறைக்கு வெளிப்படுத்தப்படாத நிதி' என்பது வருவதில்லை. படிக்கும்போது நாக்கு தடுக்கினால் அந்த மாற்றை எடுத்துவிட்டு, டீக்கடையில் ஒருவர் அதை எப்படிச் சொல்வார் என்று யோசித்து மீண்டும் எழுதுங்கள். அப்போதும் கிடைக்கவில்லையென்றால் பழைய சொல்லையே வைத்து, அடுத்த பதிப்புக்குள் பார்க்க வேண்டும் என்று குறித்துவையுங்கள்.